ஹெனானின் பழைய தலைநகரங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சீனாவில் வேலை பார்த்த நாட்களில் கிடைத்த விடுமுறையில் பாதியை ஹெனான் மாகாணத்தில்தான் கழித்தேன். ஊர் திரும்பி அந்தப் படங்களைக் காட்டும்போதெல்லாம் நண்பர்களும் உறவினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஹெனான்னு ஒண்ணு, ஹூனான்னு ஒண்ணு சொல்றாங்க, ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை, இரண்டும் வேறு மாகாணங்கள். ஹெனான் என்றால் ‘ஆற்றுக்குத் தெற்கே’. அந்த ஆறு மஞ்சள் ஆறு. ஹூனான் என்றால் ‘ஏரிக்குத் தெற்கே’, அது இன்னும் தெற்கில், யாங்சே பக்கம் இருக்கிறது. நாம் பேசப்போவது ஆற்றுக்காரர்களைப் பற்றி.

ஹெனானின் இன்றைய தலைநகர் ஜெங்ஜோ. மாகாணத்தின் மக்கள்தொகை பத்துக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. சீனர்கள் இந்தப் பகுதியைப் பழைய பெயரில் ‘நடுச் சமவெளி’ என்பார்கள், அந்த ‘நடு’ என்ற சொல்லை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய தலைநகர்னா பெய்ஜிங், அப்புறம் களிமண் சிப்பாய்கள் இருக்கிற சியான், அவ்வளவுதானே?

அவை இரண்டும் பெரிய தலைநகரங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சீனாவில் ‘எட்டுப் பழந்தலைநகரங்கள்’ என்று ஒரு கணக்கு உண்டு: சியான், லுவோயாங், பெய்ஜிங், நான்ஜிங், கைஃபெங், ஹாங்ஜோ, அன்யாங், ஜெங்ஜோ. இந்த எட்டில் லுவோயாங், கைஃபெங், அன்யாங், ஜெங்ஜோ நான்கும் ஹெனானில் இருக்கின்றன. ஒரே மாகாணத்தில் பாதி.

ஆரம்பத்தில் இது எட்டாகவும் இல்லை. 1988-ல் அன்யாங்கை ஏழாவதாகச் சேர்த்தார்கள், 2004-ல் ஜெங்ஜோவை எட்டாவதாகச் சேர்த்தார்கள். இரண்டுமே மண்ணைத் தோண்டிக் கிடைத்த சான்றுகளால் பட்டியலுக்குள் வந்தவை. இருபதாம் நூற்றாண்டுக்கு முன்பு, ஜெங்ஜோவுக்கு அடியில் 3,500 வருடப் பழைய ஒரு பெருநகரம் கிடக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

அப்படி என்ன இருக்கு அந்த ஊர்ல? ஏன் எல்லா ராஜாவும் அங்கேயே போய் உக்காந்தாங்க?

முதல் காரணம் மண். வடமேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டு வந்து கொட்டிய மென்மையான மஞ்சள் மண், அதை ஆறு அரித்துக் கொண்டுவந்து பரப்பியிருக்கிறது. மரக் கலப்பை, கல் மண்வெட்டி வைத்தே உழுதுவிடலாம். தினை நன்றாக விளையும். ஆம், நம் சங்கப் பாட்டில் வரும் அதே தினைதான், வட சீனாவின் பழைய முக்கியத் தானியம் அதுவே. நெல் தெற்கு ஆறுகளின் பக்கத்துப் பயிர்.

இரண்டாவது, மேலே சொன்ன அந்த ‘நடு’. மேற்கே மலைக்கணவாய், கிழக்கே கடல் வரைக்கும் சமவெளி, வடக்கும் தெற்கும் ஆறுகள். எந்தத் திசையிலிருந்து வரி வந்தாலும் வழி ஏறக்குறைய ஒரே தூரம். டெங்ஃபெங் பக்கத்திலுள்ள சோங் மலையடிவாரத்தை ‘வானத்துக்கும் பூமிக்கும் நடு’ என்றே நம்பியிருக்கிறார்கள், அந்தப் பெயரிலேயே 2010-ல் அங்குள்ள கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அங்கே 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு வானியல் கோபுரமும் உண்டு. அதன் அடியில் 31 மீட்டர் நீளத்துக்குக் கல் பாவி, உச்சிவெயிலின் நிழலை அளந்திருக்கிறார்கள். குவோ ஷோஜிங் என்ற வானியலாளர் தலைமையில் செய்த அளவுகளிலிருந்து ஓர் ஆண்டு 365.2425 நாள் என்று கணக்குப் போட்டார்கள். நாம் இன்று புழங்கும் நாட்காட்டியின் கணக்கும் அதேதான்.

நேர்ல போனா பார்க்க ஒண்ணுமே இல்ல, வெறும் மேடுன்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை. கல்கோட்டை, கல்கோயில், கல்தூண் இவற்றைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பழைய சீனத் தலைநகரங்களை மண்ணாலும் மரத்தாலும் கட்டினார்கள். மரம் எரிந்தது அல்லது மக்கியது. மிச்சம் இருப்பது மண். ஆனால் அது சும்மா குவித்த மண் கிடையாது. இரண்டு பக்கமும் பலகை கட்டி, நடுவில் ஒரு சாண்கூட இல்லாத உயரத்துக்கு மண் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. இப்படியே ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம், அதற்கும் மேல். அப்படி இறுகிய மண்ணில் மண்வெட்டி எளிதில் இறங்காது.

ஜெங்ஜோவில் ஷாங் என்ற பழைய அரச வம்சத்துக் காலத்து மதில் இன்றும் ஊருக்கு நடுவில் ஓடுகிறது. சுற்றளவு கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். பக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகள், துணி காய்கிறது, காலையில் பெரியவர்கள் மதில்மேல் நடைபயிற்சி போகிறார்கள். முதல் முறை போனபோது நானும் வெறும் மேடு என்றுதான் நினைத்துக் கடந்து போனேன். வெட்டுமுகம் தெரிகிற ஓரிடத்தில் குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது: நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி வரி வரியாக அடுக்குகள், சில அடுக்குகளின் மேல்முகத்தில் சின்னச் சின்ன வட்டக் குழிகள். அந்தக் குழி ஒவ்வொன்றும் 3,500 வருடங்களுக்கு முன்னால் ஒருவர் ஓங்கிப் போட்ட ஒரு அடி. அதைப் பார்த்த பிறகு எந்தக் கல்கோட்டையும் எனக்கு அவ்வளவு நெருக்கமாகத் தோன்றவில்லை.

மண்ணுக்குள்ள மண் சுவரை எப்படிங்க கண்டுபிடிக்கிறாங்க?

நல்ல கேள்வி. இதற்கு ஹெனானே ஒரு கருவியை உலகத்துக்குக் கொடுத்திருக்கிறது: லுவோயாங் மண்வெட்டி. மூங்கிலை நெடுக்கில் பிளந்தால் எப்படியிருக்கும், அந்த மாதிரி அரைக்குழாய் வடிவில் இரும்பு, அதற்கு நீளமான கம்பு. நேராகத் தரையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் மண் குழாயோடு ஒட்டிக்கொண்டு வரும். மறுபடி குத்தினால் இன்னும் ஆழத்து மண். பல மீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தோண்டாமலேயே பார்த்துவிடலாம். வருத்தம் என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் கல்லறைத் திருடர்கள். அவர்களிடமிருந்துதான் தொல்லியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே அகழாய்வு செய்கிறவர்கள் மனிதர் கைபடாத மண்ணைப் ‘பச்சை மண்’ என்றும், மனிதர் வாழ்ந்து புழங்கிய மண்ணைப் ‘பக்குவப்பட்ட மண்’ என்றும் சொல்கிறார்கள். சோற்றுக்குச் சொல்கிற அதே சொற்கள். குழி தோண்டி மறுபடி மூடிய இடத்தில் பல நிற மண்ணும் கலந்து வரும், அதற்கு ‘ஐந்து பூ மண்’ என்று பெயர். அந்த மண் வந்தால் கீழே கல்லறையோ குழியோ இருக்கலாம். இடித்து இறுக்கிய மண் வந்தால் சுவரோ அரண்மனை மேடையோ இருக்கலாம்.

ஷியா வம்சம்னு ஒண்ணு நிஜமாவே இருந்துச்சா, கதையா?

சீனப் பழங்கதைப்படி முதல் அரச வம்சம் ஷியா, அதை அடுத்து ஷாங், அதை அடுத்து ஜோ. இதில் ஷாங் நிஜம் என்பதற்கு அந்தக் காலத்து எழுத்தே கிடைத்திருக்கிறது (கீழே ஆமை ஓடு பற்றிய பதிலில் வரும்). ஷியாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

1959-ல் ஷூ ஷுஷெங் என்ற ஆய்வாளர், எழுபது வயது தாண்டியவர், ‘ஷியாவின் இடத்தைத் தேடுகிறேன்’ என்று ஹெனான் மேற்கில் கிராமம் கிராமமாகப் போனார். அப்படிக் கண்டதுதான் லுவோயாங்குக்குக் கிழக்கே, யான்ஷி பகுதியிலுள்ள எர்லிதோ. பொ.ஆ.மு. 1750-லிருந்து 1530 வரை அங்கே சுமார் 300 ஹெக்டேர் பரப்பில் ஒரு நகரம் இருந்திருக்கிறது. அரண்மனை மேடைகள், குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட சாலைகள், சாலையில் வண்டிச் சக்கரத் தடம், வெண்கலம் வார்த்த பட்டறை எல்லாம் கிடைத்தன. 2002-ல் ஒரு கல்லறையில், ஒருவரின் உடல்மேல் கிடத்தியிருந்த டிராகன் ஒன்றைக் கண்டார்கள். டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லை 2,000-க்கும் மேற்பட்ட சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டிச் செய்தது, நீளம் 65 சென்டிமீட்டர் அளவு. ஒட்டவைத்த அடித்தளம் மக்கிப்போய்விட்டது, கற்கள் மட்டும் அதே வரிசையில் கிடந்தன. ஒரு துண்டுகூட நகராமல் இருக்க அதை மண்ணோடு கட்டியாகப் பெயர்த்து எடுத்தார்கள்.

இதுதான் ஷியாவின் தலைநகரா? பெரும்பாலான சீன ஆய்வாளர்கள் ஆம் என்கிறார்கள், 2019-ல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ‘ஷியா தலைநகர்’ இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலரும், சீனாவுக்குள்ளேயே சிலரும், பெயர் எழுதிய ஒரு துண்டு கிடைக்கும்வரை எர்லிதோவை எர்லிதோ என்றே சொல்வோம் என்கிறார்கள். என் கட்சி இரண்டாவது. அந்த நகரத்தின் பெருமை ஒரு வம்சப் பெயரை நம்பி இல்லை. அந்த டிராகனுக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை.

ஆமை ஓட்டுல எழுதி வச்சிருந்தாங்களாமே, என்ன எழுதினாங்க?

அன்யாங்கில் யின்ஷு என்ற இடம். ஷாங் அரசர்களின் கடைசித் தலைநகர், ஏறக்குறைய பொ.ஆ.மு. 1300-லிருந்து 1046 வரை. அரசன் எதைச் செய்வதானாலும் குறி கேட்டான். ஆமையின் வயிற்றோட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ சுத்தம் செய்து, பின்பக்கம் வரிசையாகச் சிறு குழிகள் குடைவார்கள். குழியில் சூடு வைத்தால் முன்பக்கம் விரிசல் விடும். நேராக ஒரு கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்னக் கோடு. ‘குறி பார்த்தல்’ என்பதற்கான சீன எழுத்து இன்றும் அந்த விரிசலின் வடிவத்தில்தான் இருக்கிறது. விரிசலைப் பார்த்து அரசன் பலன் சொல்வான். கேட்ட கேள்வி, சொன்ன பலன், சில சமயம் கடைசியில் என்ன நடந்தது என்பதையும் அதே ஓட்டில் கீறி வைத்தார்கள்.

மழை வருமா, விளைச்சல் எப்படி, போருக்குப் போகலாமா, அரசனுக்குப் பல்வலி வந்திருக்கிறதே எந்த மூதாதையின் கோபம்? இப்படி எல்லாமே உண்டு. எனக்கு மறக்காத ஒன்று: அரசன் வூ டிங்கின் ராணி ஃபூ ஹாவ் கர்ப்பமாக இருக்கிறாள், பிரசவம் நல்லபடி நடக்குமா என்று கேட்கிறார்கள். இன்னின்ன நாளில் பிறந்தால் நல்லது என்கிறான் அரசன். முப்பத்தொரு நாள் கழித்து வேறொரு நாளில் குழந்தை பிறக்கிறது. ‘நல்லபடி இல்லை, பெண்’ என்று பதிந்திருக்கிறார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு வரியைப் படிக்கும்போது இன்றைக்கும் மனது கனக்கிறது.

இதுவரை சுமார் 1,50,000 துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 4,500 தனித்தனி எழுத்துகள், அதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பொருள் உறுதியாகத் தெரியும். சீமா சியான் என்ற வரலாற்றாசிரியர் பொ.ஆ.மு. 100 வாக்கில் எழுதிவைத்த ஷாங் அரசர் வரிசையும் இந்த ஓடுகளில் வரும் பெயர்களும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஷியா உண்மை என்பவர்களின் முக்கிய வாதமும் இதுவே: ஷாங் பட்டியல் சரியாக இருந்தால் ஷியா பட்டியல் மட்டும் ஏன் பொய்யாக இருக்க வேண்டும்?

அதை நாட்டு மருந்துக் கடையில கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றது உண்மையா?

பாதிக்கு மேல் உண்மை. அன்யாங் பக்கத்துச் சியாவோதுன் கிராமத்தில் உழும்போது கிடைத்த பழைய எலும்புகளை ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக்கு விற்றார்கள். கடைக்காரர்கள் கீறல் விழுந்த எலும்பை வாங்கமாட்டார்கள் என்பதால் எழுத்தைச் சுரண்டிவிட்டு விற்றதும் நடந்திருக்கிறது. எத்தனை கேள்விகள் அப்படிப் பொடியாகி யார் வயிற்றுக்குள் போயினவோ.

1899-ல் பெய்ஜிங்கில் அரச கல்விக்கழகத் தலைவராக இருந்த வாங் யிரோங் அவை பழைய எழுத்து என்று அடையாளம் கண்டார். அவருக்குக் காய்ச்சல் வந்தது, மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தபோது எழுத்தைப் பார்த்தார் என்பது மட்டும் பின்னால் சேர்ந்த அலங்காரமாக இருக்கலாம், பழம்பொருள் வியாபாரிகள் அவரிடம் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே அந்நியப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். முறையான அகழாய்வு 1928-ல் தொடங்கியது. 1936-ல், அந்தப் பருவத்து வேலையை முடிக்கவேண்டிய நாளில், ஒரே குழியில் 17,096 துண்டுகள் அகப்பட்டன. அப்படியே மண்கட்டியாக வெட்டிப் பெட்டிகட்டி நான்ஜிங்குக்கு அனுப்பி, அங்கே பொறுமையாகப் பிரித்தார்கள்.

ஃபூ ஹாவ் ராணின்னு சொன்னீங்களே, அவங்க போருக்குப் போனாங்களா?

போனார். 13,000 பேர் கொண்ட படையோடு ஃபூ ஹாவ் புறப்படுவதைப் பற்றி ஓர் ஓட்டில் குறி கேட்டிருக்கிறார்கள். ஓட்டில் மட்டும் படித்த அந்தப் பெயரை 1976-ல் மண்ணுக்குள்ளேயே கண்டார்கள். ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில் நடந்த வேலை அது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த அரச மயானத்தின் பெரிய கல்லறைகள் எல்லாம் பல முறை கொள்ளை போனவை. ஃபூ ஹாவ் புதைக்கப்பட்டதோ அரண்மனைப் பகுதியிலேயே, 7.5 மீட்டர் ஆழத்தில், அளவான ஒரு குழியில். அதனால்தானோ என்னவோ தப்பித்தது.

468 வெண்கலப் பொருட்கள், 755 பச்சைக்கல் பொருட்கள், கிட்டத்தட்ட 7,000 சோழிகள். வெண்கலத்தின் எடை மட்டும் 1.6 டன். பல பாத்திரங்களில் பெயர் பொறித்திருந்தது. புலிகள் இருபுறமும் நிற்க நடுவில் மனிதத் தலை கொண்ட, சுமார் 9 கிலோ எடையுள்ள கோடரி ஒன்றும் கிடைத்தது, அது சண்டைக்கு அல்ல, அதிகாரத்துக்கு அடையாளம். ஆந்தை வடிவ மதுக்குடம் ஒன்று ஜெங்ஜோவிலுள்ள ஹெனான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாலையும் சேர்த்து மூன்று காலில் நிற்கும், முகம் கொஞ்சம் மேலே தூக்கினாற்போல.

நரபலி கொடுத்தாங்களாமே? அதையும் சொல்லுங்க.

சொல்லத்தான் வேண்டும், பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இதை மறைப்பது சரியில்லை. ஃபூ ஹாவின் கல்லறையிலேயே 16 மனிதர்களும் 6 நாய்களும் பலியாகப் புதைக்கப்பட்டிருந்தன. அரச மயானத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான பலிக்குழிகள், தலை வேறு உடல் வேறாக. பலரும் போர்க்கைதிகள், மேற்கிலிருந்து பிடித்துவரப்பட்ட ச்சியாங் இனத்தாரை இத்தனை பேர் பலியிடலாமா என்று ஓடுகளில் எண்ணிக்கை போட்டே கேட்டிருக்கிறார்கள். பிறந்தது பெண் என்பதற்கு வருந்திய அதே கைதான் இதையும் கீறியது. அடுத்து வந்த ஜோ காலத்தில் இந்த வழக்கம் வெகுவாகக் குறைந்தது.

832 கிலோ அண்டா ஒண்ணு இருக்குன்னு படிச்சேன். அதை எப்படி வார்த்தாங்க?

832.84 கிலோ. நான்கு கால் வைத்த சதுர வெண்கலக் கொப்பரை, இந்த வகைப் பாத்திரத்துக்குத் ‘திங்’ என்று பெயர், மூதாதையருக்குப் படையல் சமைக்க. உயரம் 133 சென்டிமீட்டர். மெழுகு வார்ப்பு முறை அல்ல. முதலில் களிமண்ணில் மாதிரி செய்து, அதன்மேல் இன்னொரு களிமண் அச்சை அமுக்கி, அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி, மாதிரியைக் கொஞ்சம் சீவிவிட்டு, மறுபடி சுற்றிப் பூட்டினால் நடுவில் இடைவெளி வரும், அதில் உருக்கிய வெண்கலத்தை ஊற்ற வேண்டும். இவ்வளவு பெரிய பாத்திரத்துக்குப் பல உலைகளிலிருந்து தடையில்லாமல் ஊற்றியிருக்க வேண்டும், நடுவில் நின்றால் அவ்வளவும் பாழ்.

1939-ல் ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். விற்பதற்காக அறுக்கப் பார்த்து முடியாமல் விட்டார்கள். ஜப்பானியப் படை ஊரில் இருந்ததால் மறுபடி புதைத்து ஒளித்து, போர் முடிந்து 1946-ல் எடுத்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரு கைப்பிடி தொலைந்தது, இப்போதிருப்பது பின்னால் செய்து வைத்தது. பார்க்க விரும்பினால் அன்யாங்குக்குப் போகாதீர்கள், அசல் பெய்ஜிங்கில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லுவோயாங்ல பதிமூணு வம்சம் ஆண்டதுங்கிறது சரிதானா?

எண்ணுகிற விதத்தைப் பொறுத்தது. முழுத் தலைநகராக இருந்ததை மட்டும் எண்ணினால் குறையும், இரண்டாம் தலைநகராக இருந்ததையும் சேர்த்தால் கூடும். பதிமூன்று என்பது ஊர்ப்பெருமைக் கணக்கு. அதைவிட எனக்கு வியப்பானது வேறு. லுவோ ஆற்றின் ஓரமாகக் கிழக்கு மேற்கில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஐந்து தலைநகரத் தளங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: எர்லிதோ, யான்ஷியின் ஷாங் நகரம், கிழக்கு ஜோ அரச நகரம், ஹான்-வெய் நகரம், சுய்-டாங் நகரம் (ஹான், வெய், சுய், டாங் எல்லாம் பின்னால் வந்த அரச வம்சங்கள்). இடிந்ததன் மேலேயே கட்டாமல் பெரும்பாலும் பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து கட்டியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடைத்தது.

2002-ல் நகர மையத்தில் ஒரு சதுக்கம் கட்டும்போது ஜோ காலத்துத் தேர்க்குழிகள் வெளிப்பட்டன. அதில் ஒரு தேருக்கு ஆறு குதிரைகள். ‘வேந்தனின் தேருக்கு ஆறு குதிரை’ என்று பழைய நூல்களில் உண்டு, அது உண்மையா என்று பல நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். பதில் பேருந்து போகும் சாலைக்கு அடியில் படுத்திருந்தது. அதே இடத்தில், சதுக்கத்துக்குக் கீழே, அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள்.

லுவோயாங் போட்டோல பிரமாண்டமான கோட்டை வாசல், கோபுரம் எல்லாம் தெரியுதே? நீங்க ஒண்ணும் நிக்கலைன்னு சொல்றீங்க?

அவை புதியவை. வூ ஜெட்டியான், சீனாவில் தன் பெயரிலேயே அரியணை ஏறிய ஒரே பெண் பேரரசர், 7-ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய மண்டபத்தின் அடித்தளம் 1986-ல் கிடைத்தது. இப்போது அதன்மேல் நிற்பது நம் காலத்தில் எழுப்பிய கட்டடம். அரண்மனை வாசலும் அப்படியே. உள்ளே போனால் கண்ணாடித் தரைக்குக் கீழே, இடித்து இறுக்கிய மண்ணும் தூண் நின்ற குழிகளும் தெரியும். மழையிலிருந்து அவற்றைக் காக்க ஒரு கூரை தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வண்ண விளக்கு போட்ட கூரையையே பழைய அரண்மனை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கீழே குனிந்தே பார்க்காமல் கூட்டம் போவது வேதனை. நீங்கள் போனால் தயவுசெய்து கீழே பாருங்கள்.

லாங்மென் குகையில இருக்கிற பெரிய புத்தர் முகம் அந்த ராணி முகமேதானாமே?

எல்லா வழிகாட்டிகளும் இதைச் சொல்வார்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: யி ஆற்றங்கரைச் சுண்ணாம்புப் பாறையில் 17.14 மீட்டர் உயர வைரோசன புத்தர் 675-ல் முடிந்தது, அதற்கு வூ ஜெட்டியான், அப்போது பட்டத்தரசி, தன் அலங்காரச் செலவுப் பணத்திலிருந்து 20,000 சரம் காசு கொடுத்தார் என்று கல்வெட்டு இருக்கிறது. முகம் யாருடையது என்று கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை.

லாங்மென் மட்டும் நான் மேலே சொன்னதற்கு விதிவிலக்கு, இங்கே கல் நிற்கிறது. 2,345 குகைகளும் மாடங்களும், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உருவங்கள், சிறியது இரண்டு சென்டிமீட்டர்தான். வடக்கு வெய் அரசு 493 வாக்கில் தலைநகரை இங்கே மாற்றியபோது தொடங்கிய வேலை. ஆனால் எத்தனையோ சிலைகளுக்குத் தலை இல்லை. பேரரசரும் பேரரசியும் பரிவாரத்தோடு நடந்துவரும் இரண்டு பெரிய புடைப்புச் சிற்பங்களை 1930-களில் துண்டு துண்டாகப் பெயர்த்து விற்றார்கள். ஒன்று நியூயார்க்கிலும் ஒன்று கான்சஸ் சிட்டியிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பின்யாங் குகையில் அவை இருந்த சுவரில் உளித்தழும்புதான் மிச்சம். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் யாரும் வெளியே வரக்கூடாது.

கைஃபெங்ல ஊருக்குக் கீழ ஊரு இருக்குன்னு சொல்றாங்களே, அது எப்படி?

மஞ்சள் ஆற்றின் வேலை. அந்த ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன் படுகையையே உயர்த்திக்கொள்கிறது, கைஃபெங் அருகே ஆற்றுப்படுகை ஊர்த் தெருவைவிடப் பல மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கரை உடையும்போதெல்லாம் ஊர் சேற்றில் புதைந்தது. லுவோயாங்கில் நகர்ந்து நகர்ந்து கட்டினார்கள் என்றேன், கைஃபெங்கில் நேர்மாறு: புதைந்த அதே இடத்தின் மேலேயே கட்டினார்கள். அப்படி ஆறு நகரங்கள், ஒன்றின்மேல் ஒன்று. சோங் வம்சக் காலத்து நகரம் சுமார் 8 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

960-லிருந்து 1127 வரை வடக்கு சோங் அரசின் தலைநகராக, பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர் இது. கொடூரமான வெள்ளம் 1642-ல். கிளர்ச்சிப்படை முற்றுகையிட்டிருந்தபோது போரின் ஓர் ஆயுதமாகவே கரையை உடைத்தார்கள், சுமார் 3 லட்சம் பேர் மாண்டார்கள். 1981-ல் ஓர் ஏரியைத் தூர்வாரியபோது அதன் அடியில் மிங் வம்ச இளவரசர் ஒருவரின் அரண்மனை தென்பட்டது. 2018 முதல் ஜோச்சியாவ் பாலத்தைத் தோண்டி, கால்வாயின் இரண்டு கரையிலும் சோங் காலப் பெரிய கல் புடைப்புகளைக் கண்டார்கள். கடல் அலைமேல் ஓடும் குதிரையும் நாரையும் மேகமுமாக இருக்கும் அவை. ‘இரும்புக் கோபுரம்’ என்கிற 1049-ம் வருடத்து அடுக்குக் கோபுரம் மட்டும் எல்லா வெள்ளத்தையும் தாங்கி நிற்கிறது. இரும்பு அல்ல, துருநிறத்தில் மெருகேற்றிய செங்கல்.

சோழர்கள் சீனாவுக்குத் தூது அனுப்பினாங்கன்னு படிச்சிருக்கோம். அது இந்த ஊருக்கா?

இதே கைஃபெங்குக்குத்தான். சோங் அரசின் பதிவுகளில் 1015-ல் சோழத் தூதர்கள் வந்தது இருக்கிறது. வழியில் மூன்று வருடத்துக்கும் மேல் ஆனதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிளம்பும்போது ராஜராஜன் ஆட்சி, போய்ச்சேரும்போது அவர் இறந்து ராஜேந்திரன் ஆண்டுகொண்டிருந்தார். முத்தும் தந்தமும் சாம்பிராணியும் கொண்டுபோனார்கள். 1033-ல் இன்னொரு தூது. அதன் தலைவர் தங்கள் நாட்டு வழக்கப்படி மரியாதை செய்ய அனுமதி கேட்டு, வெள்ளித் தட்டில் முத்துக்களை ஏந்தி, மண்டியிட்டு, அரியணையின் கீழே தூவிவிட்டுப் பின்வாங்கினார் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த அரண்மனைத் தரை இன்று சேற்றுக்கும் ஏரித்தண்ணீருக்கும் கீழே பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கைஃபெங்கில் லோங்திங் ஏரிக்கரையில் நின்றபோது நான் நினைத்துக்கொண்டது இதை மட்டும்தான்.

போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர், ஷாவோலின்ல குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார்னு சொல்றாங்களே, ஆதாரம் இருக்கா?

ஷாவோலின் ஹெனானில்தான், டெங்ஃபெங் அருகே. இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் சிலர் வருத்தப்படுகிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547 வாக்கில் யாங் சுவான்ஜி என்பவர் லுவோயாங்கின் கோயில்களைப் பற்றி எழுதியதில் வருகிறது. லுவோயாங்கில் 516-ல் கட்டிய யோங்னிங் கோயிலின் பிரமாண்டமான மரக்கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்ற வெளிநாட்டுத் துறவி என்கிறார், ஆனால் அவரைப் பாரசீகர் என்று எழுதுகிறார். அதற்குக் கொஞ்சம் பிந்திய ஒரு முன்னுரை தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. தென்னிந்தியர் என்பதற்கு இது பழைய, மதிக்கத்தக்க சான்று. காஞ்சிபுரம், பல்லவர் என்ற விவரங்கள் வெகு பிந்திய மரபு.

ஷாவோலின் கோயிலை 495-ல் பேரரசர் கட்டிக்கொடுத்தது பதுவோ என்ற இன்னொரு இந்தியத் துறவிக்காக. அவரை யாரும் நினைப்பதேயில்லை. போதிதர்மரைப் பயிற்சிக் கலையோடு இணைக்கும் எழுத்து 17-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது, ஆயிரம் வருடத்துக்குப் பிறகு. அவர் கைகூப்பிய அந்தக் கோபுரம் 534-ல் எரிந்தது. 1979-ல் தோண்டியபோது அதன் அடித்தளம் கிடைத்தது: 38 மீட்டர் சதுரத்தில் இடித்து இறுக்கிய மண்.

எனக்கு மூணு நாள்தான் லீவு. எதைப் பார்க்கட்டும்?

ஜெங்ஜோவில் தங்குங்கள். மூன்று ஊர்களுக்கும் அங்கிருந்து அதிவேக ரயில் இருக்கிறது, காலையில் போய் இரவு திரும்பலாம். ஒரு நாள் அன்யாங்: யின்ஷு தளம், ஃபூ ஹாவ் கல்லறை, 2024-ல் திறந்த புதிய அருங்காட்சியகம். ஒரு நாள் லுவோயாங்: காலையில் லாங்மென், மதியம் எர்லிதோ, ஆறு குதிரைத் தேருக்கு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏப்ரலில் அங்கே பியோனி பூக்கும் காலம், ஊரே அழகாக இருக்கும், அறை கிடைப்பதுதான் சிரமம். கைஃபெங்கை இந்த முறை விட்டுவிடலாம், சோழர் விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் லுவோயாங்கில் எர்லிதோவை விட்டுவிட்டு அரை நாள் மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை ஹெனான் அருங்காட்சியகம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஜியாஹு கிராமத்தில் கிடைத்த, நாரையின் சிறகெலும்பில் துளையிட்ட புல்லாங்குழலைத் தவறவிடாதீர்கள், வயது 8,000-க்கும் மேல், இதே வகைக் குழல் ஒன்றை ஆய்வாளர்கள் ஊதிப் பார்த்திருக்கிறார்கள், ஒலித்தது. சாயங்காலம் ரயிலுக்கு முன்னால் நேரம் இருந்தால் ஷாங் மதிலுக்குப் போங்கள். கட்டணம் இல்லை. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில்தான் அந்த வட்டக் குழிகள் நன்றாகத் தெரியும்.